மெய்யெழுத்து கேட்காத வீட்டில் ஒரு சப்வூஃபர்

சப்வூஃபர் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை இன்ச்?" இரண்டாவது: "எத்தனை வாட்ஸ்?" நான் ஏறி இறங்கிய நான்கு கடைகளிலும் இதே வரிசைதான். எவ்வளவு பெரிய அறை, எந்த மாதிரி பாட்டு, யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்க வருகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். நானும் முதலில் "பன்னெண்டு இன்ச் இருக்கா அண்ணா?" என்றுதான் ஆரம்பித்தேன்.

இந்தக் கட்டுரை ஒரு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்த கதைதான். ஆனால் அந்த நான்கு மாதத்தில் எனக்குப் பிடிபட்டது ஒரு விமர்சனப் பிரச்சினை. நல்ல பேஸ் என்றால் என்ன? இலக்கியக் கூட்டங்களில் "நெஞ்சைத் தொட்டது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோமே, அதேபோல ஆடியோ உலகத்திலும் "இறுக்கமான பேஸ்", "வெதுவெதுப்பான பேஸ்", "செம பஞ்ச்" என்ற சொற்கள் புழங்குகின்றன. எதைச் சுட்டுகின்றன என்று கேட்டால் பதில் வராது. மறுபக்கம் எண்களை மட்டும் நம்புகிறவர்கள். பி.எம்.பி.ஓ. என்று பெட்டி மேல் அச்சடித்த ஆயிரக்கணக்கான வாட்ஸைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். அந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, விளம்பரத்துக்காகப் பிறந்த எண் அது. வெறும் உரிச்சொல்லும் வெறும் எண்ணும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: கேட்காமலேயே தீர்ப்புச் சொல்ல உதவுகின்றன.

எனக்குத் தீர்ப்பு தேவைப்பட்டது அப்பாவுக்காக.

*

அப்பா புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளி. இருபத்தாறு வருடம் தறிக்கூடத்தில் நின்றவர். இந்த ஊருக்குப் பஞ்சாலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது எட்டு மணி நேரம். 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளோடு போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. அப்பா அந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்வார். நான் ஒலி பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது அதே எட்டு மணி நேரம் வேறு ஒரு இடத்தில் எதிர்ப்பட்டது. காதுக்கு ஆபத்து கணக்கிடும் அளவுகோலும் அதுதான். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல நிறுவனம் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்று வரம்பு சொல்கிறது. 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாக வேண்டும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் வரம்பு 90. அமெரிக்கக் கணக்குப்படி 94 டெசிபெல்லில் நிற்கக்கூடிய நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான். தறி ஓடும் கூடத்தில் ஒரு ஷிஃப்ட் முழுக்க நிற்கிறவரின் காது என்ன ஆகும் என்று கணக்குப் போட ஆய்வுக்கூடம் வேண்டாம்.

இரைச்சலால் போகும் காது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் இழப்பதில்லை. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். அப்பாவின் ஆடியோகிராமில் கோடு 500 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய ஒழுங்காக வந்து, பிறகு மாடிப்படியில் கால் தவறிய மாதிரி சரிகிறது. உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது. மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் ஒலி பெரும்பாலும் மேலே. அதிலும் ச, த, ட போன்ற வல்லினம்தான் முதலில் தொலைகிறது. மெல்லினம் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கிறது. ஆக அப்பாவுக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. பாட்டில் வரிகள் போய்விட்டன. எதுகை போய்விட்டது. வயலின் மேலே ஏறும்போது அதன் பாதி காணாமல் போகிறது. கீழே இருப்பது மட்டும் மிச்சம்.

அந்த மிச்சத்தை முழுசாகக் கொடுப்போம் என்றுதான் சப்வூஃபர் எண்ணம் வந்தது.

*

ஒரு டிரைவரின் குணத்தைச் சில எண்களில் சொல்லிவிடலாம் என்று காட்டியவர்கள் நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால். முன்னவரின் கட்டுரை 1961இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. பின்னவர் 1970களின் தொடக்கத்தில் அதை விரித்து எழுதினார். இன்றும் ஒவ்வொரு டிரைவரோடும் வரும் தாளில் அவர்கள் பெயரைத் தாங்கிய எண்கள்தான் இருக்கின்றன. மூன்றைப் புரிந்துகொண்டால் போதும். எஃப்.எஸ்.: டிரைவர் தன்னிச்சையாக அதிர விரும்பும் அதிர்வெண். க்யூ.டி.எஸ்.: அந்த அதிர்வை எவ்வளவு சீக்கிரம் அடக்கிக்கொள்கிறது என்பது. வி.ஏ.எஸ்.: அதன் விளிம்பின் இளக்கத்துக்குச் சமமான காற்றின் அளவு, லிட்டரில்.

இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று தோன்றினால் மிருதங்கத்தைப் பாருங்கள். கச்சேரிக்கு முன் வித்வான் ரவையைக் குழைத்து இடந்தலையில் ஒட்டுவார். தோலுக்கு எடை கூடும், சுருதி இறங்கும். சப்வூஃபரின் கூம்பைக் கனமாகச் செய்வதும் இதற்காகத்தான். ஆனால் எடை கூடினால் அசைக்கச் சக்தி அதிகம் வேண்டும். பெட்டியைச் சின்னதாக்கினால் உள்ளிருக்கும் காற்று வில்லாக எதிர்த்துச் சுருதியை மறுபடி மேலே தள்ளும். ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த மின்சக்தி ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஹாஃப்மனின் இரும்பு விதி என்று இதற்குப் பெயர். கட்டில் அடியில் வைத்துக்கொள்ளும் பெட்டியில் பூமி அதிரும் என்று சொல்கிற விளம்பரம் எதுவானாலும் மூன்றாவதை எங்கோ மறைத்திருக்கிறது.

ஒரு கணக்கு. எஃப்.எஸ். 25, க்யூ.டி.எஸ். 0.4, வி.ஏ.எஸ். 100 லிட்டர் உள்ள டிரைவரை 47 லிட்டர் மூடிய பெட்டியில் வைத்தால் 44 ஹெர்ட்ஸ் வரை சீராக இறங்கி, அதற்குக் கீழே மெதுவாகத் தேயும். அதே டிரைவரை 10 லிட்டரில் அடைத்தால் அதன் சுருதி 83 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், அந்த இடத்துக்கு அருகே மூன்று டெசிபெல் புடைப்பும் வரும். கடையில் நின்று கேட்டால் இரண்டாவதுதான் "செம பேஸ்". புடைப்பைத்தான் நாம் பேஸ் என்று கேட்கப் பழகியிருக்கிறோம்.

*

இங்கேதான் விஷயம் ரசனைக்கு வருகிறது. பேஸ் கிடாரின் திறந்த கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸ். அடுத்தடுத்த தந்திகள் 55, 73, 98. 'மூடுபனி' (1980) படத்தில் ஜேசுதாஸ் பாடும் அந்தக் கிடார் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது 'நினைவெல்லாம் நித்யா' (1982) படத்தில் எஸ்.பி.பி. பாடும் மலர்வனப் பாட்டை. இளையராஜாவிடம் பேஸ் என்பது தாளத்துக்குக் கொடுக்கும் முட்டு இல்லை. குரல் ஒரு வழியில் போகும்போது அது இன்னொரு வழியில் நடக்கிறது. சில இடங்களில் குரல் நிற்க, அது மட்டும் படியிறங்குகிறது. பாட்டுக்குள் இரண்டாவது பாட்டு.

அப்பா அதை டீக்கடை ரேடியோவில் கேட்டவர். அந்த ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தொடவே முடியாது. ஆனாலும் கேட்டது. காரணம், ஒரு சுரத்தின் மேலடுக்கு ஒலிகள் மட்டும் வந்தாலும் அடியில் விடுபட்ட சுரத்தை நம் காதும் மூளையும் சேர்ந்து நிரப்பிக்கொள்ளும். ஆக அந்தப் பேஸ் மோசமான கருவியிலும் பிழைத்தது, ஏனென்றால் அது நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு மெட்டு. இன்றைய பாடல்களில் நீளமாக அழுத்தும் ஆழ்ந்த மின்னணு பேஸுக்கு மேலடுக்கு குறைவு. கைபேசியில் போட்டால் மாயமாகிவிடும். இதை வைத்து "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று நான் சொல்ல வரவில்லை. எடையாக வரும் பேஸுக்கும் அழகு உண்டு. ரஹ்மானின் பாடல்கள் வழியாகத்தான் என் தலைமுறைக்கே அது தெரிய வந்தது. நான் சொல்வது, இரண்டும் வேறு வேறு கலை. எடைக்காகச் செய்த பெட்டியில் மெட்டைப் போட்டால் மெட்டு செத்துவிடும்.

என் முதல் பெட்டியில் அதுதான் நடந்தது.

*

பத்து இன்ச் டிரைவர், துளை வைத்த பெட்டி, அறையின் மூலையில். மூலையில் வைத்தால் சத்தம் கூடும் என்று படித்திருந்தேன். கூடியது. அப்பாவை ஈசி சேரில் உட்காரவைத்து 'மூடுபனி' பாட்டைப் போட்டேன். முழுசாகக் கேட்டார்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா எல்லாம் ஒரே எடத்துல தொம்மு தொம்முன்னு வுழுது. அவன் எங்க போறான்னே தெரியலையே."

நான் வாசித்த எந்த மதிப்புரையிலும் இதைவிடத் துல்லியமான வாக்கியம் இல்லை. ஆங்கிலத்தில் இதை ஒற்றைச்சுர பேஸ் என்பார்கள். நாற்பது தறிகள் ஓடும் கூடத்தில் எந்தத் தறியில் கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொன்ன மனிதர். எண்ணும் சொல்லவில்லை, உரிச்சொல்லும் சொல்லவில்லை. எது எதிலிருந்து பிரிந்து கேட்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

பாதிக் குற்றம் பெட்டியுடையது. மீதி அறையுடையது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறை நான்கு மீட்டர் நீளம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். சுவருக்குச் சுவர் அது மோதி நிற்கும் முதல் அதிர்வெண் 43.6 ஹெர்ட்ஸ். மேற்கத்திய இசையில் அது கிட்டத்தட்ட அப்படியே எஃப் சுரம். அதாவது எங்கள் முன்னறைக்குச் சொந்தமாக ஒரு சுருதி இருக்கிறது. பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறையும் சேர்ந்து கத்துகிறது. எவ்வளவு விலை கொடுத்து டிரைவர் வாங்கினாலும் அந்த அறையில்தான் அது பேச வேண்டும். பிரதியை மட்டும் அலசிவிட்டு வாசகனை மறந்துவிடும் விமர்சனம் எனக்கு நினைவுக்கு வந்தது.

இன்னொரு வாசகரும் இருந்தார். பொதுச்சுவருக்கு அந்தப் பக்கத்து அக்கா. மூன்றாம் நாள் வாசலில் நின்று, "தம்பி, தப்பா நெனைக்காத, எங்க மாமியாருக்கு நெஞ்சு படபடன்னு வருதாம்" என்றார். கைபேசியில் டெசிபெல் பார்த்தேன். பகலில் குடியிருப்புப் பகுதிக்கான 55ஐ ஒட்டித்தான் இருந்தது. சட்டப்படி நான் யோக்கியன். ஆனால் அந்த அளவீடு மனிதக் காதின் போக்கைப் பின்பற்றுவதற்காகக் கீழ் ஒலிகளைக் கழித்துவிடுகிறது. 50 ஹெர்ட்ஸில் மட்டும் 30 டெசிபெல் கழியும். சுவரோ அப்படிக் கழிப்பதில்லை. தாழ்ந்த ஒலிதான் சுவரைச் சுலபமாகக் கடக்கும். மீட்டரைக் காட்டி வாதாடியிருக்கலாம். "மன்னிச்சுக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

*

இரண்டாவது பெட்டி பன்னிரண்டு இன்ச், 18 மில்லிமீட்டர் பிளைவுட், மூடியது. கேட்கிற அளவைக் குறைத்துக்கொண்டால் ஆழத்துக்கு இடம் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. ஒரே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே இறங்கக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். பரப்பு பெரிதானால் அந்த அசைவு குறையும். பெரிய டிரைவரை வாங்கியது மெதுவாகக் கேட்பதற்காக. கடைக்காரருக்கு இதைப் புரியவைக்க எனக்குத் திராணி இல்லை.

எங்கே வைப்பது என்பதற்கு ஒரு பழைய வழி உண்டு. பெட்டியைக் கேட்பவரின் நாற்காலியில் வைத்துவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை மாற்ற வேண்டும். முப்பத்து நான்கு வயதில் நான் தவழ்வதை அப்பா கதவோரம் நின்று பார்த்தார். "இன்னாடா தேடுற?"

நீளவாக்குச் சுவரோரம், மூலையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இடம் கிடைத்தது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கம். அதே பாட்டைப் போட்டேன். இரண்டாவது இடையிசையில் அப்பாவின் கை நாற்காலிப் பிடியில் நகர்ந்தது. "இப்ப எறங்குறான் பாரு," என்றார். சரியாக இறங்கிய இடத்தில் சொன்னார். அன்று பேஸ் என்பதற்கு எனக்கு ஒரு வரையறை கிடைத்தது: எங்கே போகிறது என்று சொல்ல முடிந்தால் நல்ல பேஸ். கதைக்கும் எனக்கு வேறு வரையறை தெரியாது.

இங்கே முடித்திருந்தால் நல்ல கட்டுரையாக இருந்திருக்கும். பாட்டு முடிந்ததும் அப்பா கேட்டார்: "இந்தப் பாட்டுல இன்னா சொல்றான்? எனக்கு மறந்தே போச்சு."

மறக்கவில்லை. கேட்கவில்லை. காது மருத்துவர் இரண்டு வருடம் முன்பே கருவி போடச் சொல்லியிருந்தார். "செவிட்டு மிஷினா, வேணாம்" என்று அப்பா சொன்னபோது நான் வற்புறுத்தவில்லை. அந்தப் பேச்சு எனக்கும் சங்கடமாக இருந்தது. அதைத் தவிர்க்க, எனக்குப் பிடித்த ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவழித்து, நான்கு மாதம் கணக்குப் போட்டேன். கணக்கு எல்லாம் சரி. கேள்விதான் தவறு. எத்தனை இன்ச் என்று கேட்ட கடைக்காரரைவிட நான் எந்த விதத்திலும் மேலானவன் இல்லை. சப்வூஃபர் உயிரைத்தான் திருப்பித் தரும். மெய்க்கு வேறு கருவி வேண்டும்.

அடுத்த வியாழக்கிழமை பரிசோதனைக்குப் போகிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஒரு நிபந்தனையோடு: கருவி போட்ட பிறகு முதலில் அந்தப் பாட்டைத்தான் போட வேண்டுமாம். சத்தம் குறைத்து. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நெஞ்சு படபடக்குமே.