எத்தனை போர்ட், எத்தனை வாட்? ஜொகூர் அலுவலகங்களுக்கு ஐந்து ஸ்விட்சுகள்

கூலாய், செடெனாக் வட்டாரங்களில் கடந்த சில ஆண்டுகளில் தரவு மையங்கள் வரிசையாக எழுந்துள்ளன. அங்கே என்விடியாவுடன் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுக் கட்டமைப்பை உருவாக்கப்போவதாக மலேசிய நிறுவனமான ஒய்டிஎல் 2023 டிசம்பரில் அறிவித்தது. அந்த மையங்களில் ஒரே போர்ட்டில் 400 கிகாபிட் பாயும் ஸ்விட்சுகள் இன்று சாதாரணம். அதே மாநிலத்தின் கடைவீட்டு அலுவலகங்களில் நிலைமை வேறு. படிக்கட்டுக்கு அடியில், தூசி படிந்த எட்டு போர்ட் பெட்டி ஒன்று ஆண்டுக்கணக்கில் மின்னிக்கொண்டிருக்கும். அது நின்றால்தான் அப்படி ஒன்று இருந்ததே பலருக்கு நினைவுக்கு வரும்.

இனி அந்தப் பெட்டி நின்றால் இழப்பு கூடுதல். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் முறை, ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமானது. 25 மில்லியனுக்கு மேற்பட்டவற்றை 2025 ஜனவரி 1லும், 5 மில்லியனுக்கு மேற்பட்டவற்றை அதே ஆண்டு ஜூலை 1லும் அது எட்டியது. கணக்குப்பிரிவின் கணினி இணையத்தை இழந்தால், அன்றைய பில் வேலையே தள்ளிப்போகும். ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான ஒப்பந்தம் 2025 ஜனவரி 7 அன்று கையெழுத்தானபின், எல்லைக்கு அப்பாலுள்ள வாடிக்கையாளரோடு வீடியோ கூட்டம், கிளவுட் கணக்கு, சிசிடிவி எல்லாவற்றையும் ஒரே கேபிள் அமைப்பில் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கும் இந்த இழப்பு பொருந்தும்.

இந்த ஒப்பீடு அவர்களுக்கானது. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 1200, எச்பிஇ இன்ஸ்டன்ட் ஆன் 1930, டிபி-லிங்க் ஒமாடா எஸ்ஜி3428எம்பி, யுபிக்விட்டி யுஎஸ்டபிள்யூ-24-பிஓஇ, மைக்ரோடிக் சிஆர்எஸ்328 ஆகிய ஐந்தும் 24 போர்ட் கொண்டவை. ஐந்துமே கேபிள் வழியாக மின்சாரமும் தருபவை.

அடிப்படை என்ன?

1990இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஈதர்ஸ்விட்ச் என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளிப் பொறியாளர் வினோத் பரத்வாஜ். அதற்கு முன் அலுவலகங்களில் இருந்தவை ஹப்புகள். ஒரு கணினி அனுப்புவதை ஹப் எல்லாக் கணினிகளுக்கும் பரப்பும். ஸ்விட்ச் எந்தச் சாதனம் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று பதிவு செய்துகொண்டு, உரிய இடத்துக்கு மட்டும் தரவை அனுப்பும். 1994இல் கல்பனாவை சிஸ்கோ வாங்கியது.

இன்று கடையில் கிடைப்பவை மூன்று வகை. அமைப்பு எதுவும் இல்லாத எளிய வகை. உலாவியில் திறந்து அடிப்படை வசதிகளை மாற்றக்கூடிய ஸ்மார்ட் வகை. எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் முழு மேலாண்மை வகை. நான்கு கணினியும் ஒரு பிரிண்டரும் மட்டுமே உள்ள கடைக்கு முதல் வகையே போதும். சிசிடிவியும் விருந்தினர் வைஃபையும் வந்துவிட்டால் அது போதாது.

காரணம் இரண்டு. முதலாவது லூப். சுத்தம் செய்யும்போது கழன்ற கேபிளின் இரு முனைகளையும் யாராவது ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டால், தரவு சுற்றிச் சுற்றிப் பெருகி அலுவலகம் முழுவதும் முடங்கும். ரேடியா பெர்ல்மன் 1985இல் வடிவமைத்த ஸ்பானிங் ட்ரீ முறை இதைக் கண்டறிந்து அந்த போர்ட்டை அடைக்கும். மலிவான எளிய பெட்டிகள் பலவற்றில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

இரண்டாவது வீலேன். ஒரே ஸ்விட்சை உள்ளுக்குள் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறை இது, 802.1கியூ தரம். கேமராக்கள் ஒரு பிரிவில், விருந்தினர் வைஃபை ஒரு பிரிவில், கணக்குக் கணினிகள் இன்னொரு பிரிவில். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024இல் செய்த திருத்தத்தின்படி, தரவுக் கசிவை அறிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வாடிக்கையாளர் பட்டியல் இருக்கும் கணினியும், கடைக்கு வந்தவரின் கைப்பேசியும் ஒரே வலையில் இருப்பதை இனி எந்த முதலாளியும் அனுமதிக்கக் கூடாது. இங்கே ஒப்பிடும் ஐந்திலும் இவ்விரு வசதிகளும் உண்டு.

வாட் கணக்கு

விற்பனைச் சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பது 24 போர்ட். சிறிய எழுத்தில் இருக்கும் வாட் எண்தான் வாங்கியவரைப் பின்னர் திண்டாட வைப்பது.

கேபிள் வழி மின்சாரத்துக்கு, அதாவது பிஓஇக்கு, மூன்று தரங்கள். 2003இன் 802.3ஏஎஃப் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும். 2009இன் 802.3ஏடி 30 வாட். 2018இன் 802.3பிடி 90 வாட் வரை. ஆனால் ஸ்விட்ச் எல்லா போர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் உச்ச அளவைத் தராது. மொத்த பட்ஜெட் என்று ஒன்று இருக்கிறது. இந்த இடத்தில்தான் ஐந்தும் பிரிகின்றன. யுபிக்விட்டியில் 95 வாட். அதிலும் 24இல் 16 போர்ட்டுக்குத்தான் மின்சாரம். நான்கு எஸ்எஃப்பி போர்ட் (ஃபைபர் தொகுதி செருகும் இடம்) கொண்ட ஒரு கேட்டலிஸ்ட் 1200 மாதிரியில் 195 வாட். இன்ஸ்டன்ட் ஆன் 1930 இரண்டு மாதிரிகளில் வருகிறது: 195, 370. டிபி-லிங்கில் 384. மைக்ரோடிக்கில் 500 வாட் மின்வழங்கி உள்ளேயே இருக்கிறது.

மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையின் அலுவலகத்தையும் காட்சிக்கூடத்தையும் கற்பனை செய்து ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். பத்து கேமரா, தலா 8 வாட்: 80. நான்கு வைஃபை அக்சஸ் பாயிண்ட், தலா 15: 60. எட்டு ஐபி தொலைபேசி, தலா 5: 40. மொத்தம் 180 வாட். 95 வாட் ஸ்விட்ச் இங்கே ஆட்டத்திலேயே இல்லை. 195 வாட் ஸ்விட்சில் மிச்சம் 15 வாட்தான். அடுத்த ஆண்டு இரண்டு கேமரா கூடினால் அதுவும் தீர்ந்துவிடும். கால் பங்கு கையிருப்பு வைத்தால் 225 வாட் வேண்டும். ஆகவே 370, 384 வாட் பெட்டிகளும் 500 வாட் மின்வழங்கி கொண்ட மைக்ரோடிக்கும்தான் பொருந்தும்.

கேமராவின் பகல் நேர அளவை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரியும். மின் தேவை கூடும். பட்ஜெட் தாண்டினால், முன்னுரிமை குறைந்த போர்ட்டை ஸ்விட்ச் அணைத்துவிடும். பகலில் நன்றாக ஓடும் கேமரா இரவில் மட்டும் காணாமல்போனால், முதலில் பார்க்க வேண்டியது பிஓஇ பக்கத்தைத்தான்.

ஐந்தையும் திறந்து பார்த்தால்

சிஸ்கோ கேட்டலிஸ்ட் 1200, முந்தைய சிபிஎஸ்250 வரிசையின் வாரிசு. புதுப் பெட்டியை 192.168.1.254 என்ற முகவரியில் திறந்தால், முதல் நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறது. மாற்றாமல் உள்ளே விடாது. எத்தனையோ அலுவலகங்களில் ஆரம்பக் கடவுச்சொல்லே ஆண்டுக்கணக்கில் கிடப்பதால், இந்தக் கண்டிப்பு பாராட்டுக்குரியது. மெனுக்கள் அடர்த்தியானவை, வலையமைப்பு படித்தவருக்குச் சுகம், மற்றவருக்குச் சிரமம். வரையறைக்குட்பட்ட ஆயுட்கால வாரண்டி இதன் பெரிய பலம். தொகுப்பாக அடுக்கி ஒரே ஸ்விட்ச் போல நடத்தும் வசதி வேண்டுமென்றால் 1300 வரிசைக்குப் போக வேண்டும்.

இன்ஸ்டன்ட் ஆன் 1930, தொழில்நுட்ப ஊழியர் இல்லாத அலுவலகத்துக்கு என்றே அமைந்தது. கைப்பேசிச் செயலியிலேயே அமைத்துவிடலாம். கிளவுட் மேலாண்மைக்குச் சந்தா கிடையாது. முதலாளி சிங்கப்பூரில் இருந்தாலும், ஜொகூர் பாரு கிளையில் செயலிழந்த கேமராவின் போர்ட்டை அங்கிருந்தே அணைத்து எழுப்பலாம். இணையம் போனால் கிளவுட் பார்வை மட்டும்தான் போகும். ஸ்விட்ச் உள்ளே தன் வேலையைத் தொடரும். நான்கு எஸ்எஃப்பி+ போர்ட்டுகளும் 10 கிகாபிட் வேகம் தருகின்றன. கட்டளை வரி இல்லாதது அனுபவசாலிகளுக்கு ஒரு குறை.

டிபி-லிங்க் ஒமாடா, வசதிகளை அள்ளித் தருகிறது. தனியாக உலாவியிலும் நடத்தலாம். ஒமாடா கன்ட்ரோலரிலும் இணைக்கலாம். கன்ட்ரோலர் மென்பொருளைச் சொந்தக் கணினியில் இலவசமாக நிறுவலாம், அல்லது ஓசி200 போன்ற சிறு கருவியாக வாங்கலாம். ரவுட்டர், ஸ்விட்ச், அக்சஸ் பாயிண்ட் மூன்றும் ஒரே திரையில் தெரியும்போது, பிழை எங்கே என்று தேடும் நேரம் வெகுவாகக் குறைகிறது. எஸ்ஜி3428எம்பியின் எஸ்எஃப்பி போர்ட்டுகள் 1 கிகாபிட் மட்டுமே. கோப்புச் சேமிப்பகம் வைத்திருப்பவர் 10 கிகாபிட் தரும் எக்ஸ்எம்பி மாதிரியைக் கேட்க வேண்டும்.

யுபிக்விட்டியின் யூனிஃபை வரிசைக்கும், டெலிகாம் மலேசியா (டிஎம்) நிறுவனத்தின் யூனிஃபை இணையச் சேவைக்கும் தொடர்பில்லை. விலை கேட்கும்போது மாதிரி எண்ணைச் சொல்லிக் கேட்பது நல்லது. இதன் திரை அழகு ஐந்திலும் முதலிடம். காற்றாடி இல்லாததால் சத்தமும் இல்லை. ஆனால் ஸ்விட்சுக்கென்று தனி வலைப்பக்கம் கிடையாது. யூனிஃபை கன்ட்ரோலர் இன்றி முழு மேலாண்மை நடக்காது. கன்ட்ரோலரைக் கருவியாக வாங்கினால், அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். 95 வாட் போதாதவர்களுக்கு 400 வாட் தரும் ப்ரோ மாதிரி இருக்கிறது.

லாட்வியாவின் மைக்ரோடிக், தெரிந்தவர் கையில் அற்புதமான கருவி. எளிய ஸ்விட்ஓஎஸ், ஆழமான ரவுட்டர்ஓஎஸ் என்ற இரண்டில் எதில் இயங்க வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். நான்கு எஸ்எஃப்பி+ போர்ட், 500 வாட் மின்வழங்கி என்று தாராளம். ரவுட்டர்ஓஎஸ்ஸில் வீலேன் அமைப்பது பழகாதவருக்குக் கடினம். ஒரு தவறான வரி நிர்வாகியையே வெளியே தள்ளிவிடும். அமைத்தவர் வேலையை விட்டுப் போனால், அடுத்து யார் தொடுவார் என்ற கேள்விக்கு விடை இருந்தால் மட்டும் வாங்கலாம்.

வெயில், இடி, வெள்ளம்

ஐரோப்பிய ஆய்வகத்தில் எழுதிய விமர்சனம் ஜொகூருக்கு முழுமையாகப் பொருந்தாது. இங்கே பகல் வெப்பம் 32, 33 டிகிரி. மாலையில் ஏர்கான் அணைந்தபின், மூடிய அலமாரிக்குள் வெப்பம் அதைவிட ஏறும். சில ஸ்விட்சுகளின் இயக்க வரம்பு 40 டிகிரி, சிலவற்றுக்கு 50. காற்றாடி இல்லாத பெட்டியை மூடிய அலமாரியில் வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும் வேலை. மின்தடைக்கு யுபிஎஸ் வைப்பவர், பிஓஇ சுமை கூடக் கூட அதுவும் பெரிதாக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இடி இன்னொரு எதிரி. பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல்களில் மின்னல் அதிகம். காவல் கொட்டகையில் இருந்து பிரதான கட்டடத்துக்குத் திறந்தவெளியில் ஓடும் செப்புக் கேபிள், மின்னெழுச்சியை நேராக ஸ்விட்சுக்குள் கொண்டுவரும். குளுவாங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடை, அலுவலகத்திலிருந்து 300 மீட்டர் தள்ளி இருந்தால், செப்புக் கேபிள் அங்கே எட்டவும் எட்டாது. அதன் வரம்பு 100 மீட்டர். இரண்டுக்கும் ஒரே தீர்வு ஃபைபர். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. தகுந்த எஸ்எஃப்பி தொகுதி போட்டால் கிலோமீட்டர் கணக்கில் செல்லும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் என்பதை ஜொகூரில் ஆடம்பரமாகக் கருதவே கூடாது. ஃபைபர் போட முடியாத வெளிப்புறக் கேமராக்களுக்கு மின்னெழுச்சித் தடுப்பானும் நல்ல எர்த் இணைப்பும் வேண்டும்.

2023 மார்ச் வெள்ளத்தில் பத்து பகாட், சிகாமட் வட்டாரங்கள் பட்ட பாடு நினைவில் இருப்பவர்கள், ரேக்கைத் தரையில் நிறுத்தாமல் சுவரில் உயரமாகப் பொருத்துவார்கள். அதற்கான கூடுதல் செலவு மிகச் சிறியது.

யாருக்கு எது?

தொழில்நுட்ப ஊழியர் இல்லாத, ஒன்றிரண்டு கிளைகள் கொண்ட அலுவலகத்துக்கு இன்ஸ்டன்ட் ஆன் 1930, 370 வாட் மாதிரி. கேமராவும் வைஃபையும் நிறைந்த கிடங்கு, தொழிற்சாலை, தங்கும் விடுதிக்கு ஒமாடா. இந்த ஐந்தில் பெரும்பாலான ஜொகூர் நிறுவனங்களுக்குப் பொருந்துவது இதுதான். வலையமைப்புப் பொறியாளரும் கண்டிப்பான தணிக்கையும் உள்ள நிறுவனத்துக்கு கேட்டலிஸ்ட். ஏற்கெனவே யூனிஃபை கன்ட்ரோலர் வைத்திருக்கும் சிறு, அமைதியான அலுவலகத்துக்கு யுஎஸ்டபிள்யூ-24-பிஓஇ. சொந்தமாக நிபுணர் இருந்தால் மட்டும் மைக்ரோடிக்.

புதிய வைஃபை 6, 7 அக்சஸ் பாயிண்டுகளில் பல 2.5 கிகாபிட் போர்ட்டோடு வருகின்றன. 2016இன் 802.3பிஇசட் தரத்தால் அந்த வேகம் பழைய கேட்5இ கேபிளிலும் ஓடும். மேற்சொன்ன ஐந்தின் செப்பு போர்ட்டுகளும் 1 கிகாபிட் மட்டுமே; வைஃபை வேகம் தொழிலுக்கே முக்கியம் என்றால் 2.5 கிகாபிட் மாதிரிகளைத் தனியே பார்க்க வேண்டும்.

விற்பனையாளரிடம் விலைப்புள்ளி வாங்கும்போது நான்கு விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும்: மொத்த பிஓஇ வாட், இயக்க வெப்ப வரம்பு, மேலாண்மைக்கான கன்ட்ரோலர் அல்லது சந்தாச் செலவு, பழுதானால் மாற்றுப் பெட்டி மலேசியாவிலிருந்தே எத்தனை நாளில் வரும் என்ற உறுதி. அமைத்து முடித்த அன்றே ஸ்விட்சின் அமைப்புக் கோப்பைப் பிரதி எடுத்து, கடவுச்சொல்லோடு நிறுவனத்தின் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடலாம்.