பெயரின் பாதி

நாகூரில் அடக்கமாகியுள்ள 16ஆம் நூற்றாண்டு இறைநேசர் சாகுல் ஹமீது அவர்களின் பெயரைத் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாகத் தம் மக்களுக்குச் சூட்டி வருகின்றனர். 'ஷாஹ்' பாரசீகச் சொல். அரசர் என்பது பொருள். 'ஹமீத்' அரபுச் சொல். புகழுக்குரியவர் என்பது பொருள். இரண்டையும் இணைப்பது 'அல்' என்னும் அரபுச் சுட்டு.

'ஷ' சகரமானதையும் ஈற்றில் உகரம் சேர்ந்ததையும் பிழையெனச் சிலர் திருத்த முனைகின்றனர். அது தமிழின் ஒலியியல்பு, பொருள் சிதையவில்லை. 'சாகுல்' என்று மட்டும் அழைப்பதே சிதைவு. சுட்டு நிற்கச் சுட்டப்பட்ட சொல் மறைகிறது.

அப்பெரியாரின் மற்றொரு பெயரான அப்துல் காதிருக்கு 'ஆற்றலுடையவனின் அடியார்' என்று பொருள். அதை 'அப்துல்' எனச் சுருக்கினால் அடிமை எஞ்சுகிறான். எவனுக்கு அடிமை என உரைக்கும் இறைத்திருநாமம் உதிர்ந்துவிடுகிறது. எழுத்தைத் திருத்துவோர் முதலில் பெயரை முழுமையாக அழைக்கட்டும்.