பரிணாமம், வளர்ச்சி, பொதுவளம்: தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களும் புதுக்கோட்டைச் சான்றுகளும்

திறவுச்சொற்கள்: மனிதப் பரிணாமம், கூட்டு நடத்தை, பொதுவளம், கண்மாய், அறிவொளி இயக்கம், பாடநூல் திறனாய்வு

முன்னுரை

தேசியக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டமை 2023ஆம் ஆண்டில் நாடளாவிய விவாதமாயிற்று. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அதனை எதிர்த்துக் கையொப்பமிட்டனர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அத்தகைய நீக்கம் நிகழவில்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த புதிய நூல்களில் பரிணாமம் பல வகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. எனினும் இடம்பெற்றிருப்பதையே நிறைவாகக் கொள்ள இயலாது. மனிதன் எவ்வாறு உருவானான் என்பது ஒரு பாடத்திலும், சுற்றுச்சூழலை எவ்வாறு காப்பது என்பது மற்றொரு பாடத்திலும் கற்பிக்கப்படுகின்றன. இவ்விரண்டையும் இணைக்க வேண்டிய மனித நடத்தை எந்தப் பாடத்திற்கும் உரியதாக இல்லை. இக்குறையைப் புதுக்கோட்டை மாவட்டச் சான்றுகளின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

‘வளர்ச்சி’ என்னும் சொல்

ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘மனிதர்களின் பரிணாம வளர்ச்சி’ என்றும், ஒன்பதாம் வகுப்பில் ‘மனிதப் பரிணாம வளர்ச்சியும் சமூகமும்’ என்றும் அலகுத் தலைப்புகள் அமைந்துள்ளன. பத்தாம் வகுப்பு அறிவியலிலோ ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்பதே தலைப்பு. வரலாற்று ஆசிரியர் ‘வளர்ச்சி’ சேர்த்துச் சொல்வதை அறிவியல் ஆசிரியர் சேர்க்காமல் சொல்கிறார். இது சிறு வேறுபாடு அன்று. வளர்ச்சி என்பது கீழிருந்து மேலேறும் பொருளுடைய சொல். டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வுக்கோ முன்குறித்த இலக்கு எதுவும் இல்லை. குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் பழகிப்போன படம் மாணவர் மனத்தில் நிலைபெறுவதற்கு இச்சொல்லும் துணைசெய்கிறது.

இதே சொல் சூழலியல் பாடத்தில் ‘நிலையான வளர்ச்சி’ எனத் திரும்பி வருகிறது. உயிரியல் மாற்றம், நாகரிக முன்னேற்றம், பொருளாதாரப் பெருக்கம் ஆகிய மூன்றையும் ஒரே சொல் சுமக்கும்போது, மனிதன் மேலும் மேலும் வளர்ந்துகொண்டே செல்லும் உயிரி என்னும் எண்ணம் எவரும் கற்பிக்காமலேயே கற்கப்பட்டுவிடுகிறது. அதன்பின் வளத்தை அளவோடு பயன்படுத்துக என்று கூறும் பாடம் அறிவுரையாக மட்டுமே எஞ்சும்.

பத்தாம் வகுப்பின் சுற்றுச்சூழல் மேலாண்மை அலகில் மழைநீர் சேகரிப்பும், குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி ஆகியவையும் பேசப்படுகின்றன. இவை தேவையானவையே. ஆனால் அயலான் குறைக்காதபோது தான் மட்டும் ஏன் குறைக்க வேண்டும் என்று வினவும் மாணவருக்கு அங்கு விடையில்லை.

கண்மாய் தரும் விடை

அவ்வினாவுக்குரிய விடை புதுக்கோட்டை மாவட்டத்தின் கண்மாய்களில் உண்டு. மழையையே பெரிதும் நம்பிய இந்நிலப்பகுதியில் ஒரு கண்மாயின் கலுங்கு வழியே வெளியேறும் நீர் அடுத்த கண்மாயை நிரப்புமாறு தொடர் அமைப்புகள் உருவாயின. நீர்நிலையின் உட்புறத்தில் இரு கற்றூண்களுக்கிடையே நிற்கும் குமிழித்தூம்பு இவ்வமைப்பின் நுட்பத்தைக் காட்டும். மேலுள்ள நீரோடித் துளை பாசனநீரையும், அடியிலுள்ள சேறோடித் துளைகள் வண்டலையும் வெளியேற்றின. தூண்களில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் தூம்பு அமைத்தோரைக் கூறுகின்றன. துளையின் விட்டமும் நீரின் வேகமும் இயற்பியல், முறைவைத்துப் பாய்ச்சும் நேரக்கணக்கு கணிதம், கல்வெட்டு மொழிப்பாடம், மடையைத் திறக்கும் உரிமை எவருக்கு என்பது குடிமையியல். ஒரே கல்லின் முன் நான்கு ஆசிரியர்கள் நிற்கலாம்.

இதற்கும் பரிணாமத்திற்கும் என்ன தொடர்பு எனின், உறவினரல்லாதாரோடும் பெருங்குழுவாக ஒத்துழைத்தல் மனித இனத்தின் குறிப்பிடத்தக்க பண்பு. ஒருவருக்கொருவர் உதவும் உறுப்பினர் மிக்க குலங்கள் பிற குலங்களை வெல்லும் என 1871ஆம் ஆண்டிலேயே டார்வின் எழுதினார். பொதுவளங்களை மக்கள் தாமே விதிவகுத்துக் காத்த நிகழ்வுகளை எலினோர் ஆஸ்ட்ரம் 1990ஆம் ஆண்டு நூலில் தொகுத்து எட்டு நெறிகளை வகுத்தார். டேவிட் ஸ்லோன் வில்சன், மைக்கேல் காக்ஸ் ஆகியோருடன் இணைந்து எழுதி 2013ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில் அந்நெறிகளுக்குப் பரிணாம அடிப்படையும் காட்டினார். சித்தன்னவாசல் அருகிலுள்ள பெருங்கற்காலக் கல்வட்டங்களையும் கற்பதுக்கைகளையும் இந்நோக்கில் கற்பிக்கலாம். மூடுகல்லை நகர்த்தப் பலர் கூடியிருக்க வேண்டும். அவர்களைக் கூட்டியது எது என்பதே அங்கு எழ வேண்டிய வினா. பாடநூல்களோ பெரும்பாலும் ஈமச்சின்ன வகைகளின் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடுகின்றன.

எல்லையை வரைபவர் யார்?

கூட்டுறவைப் போற்றிப் பேசுவதோடு நின்றால் அதுவும் அரைகுறைப் பாடமே. அண்டையிலுள்ள சிவகங்கைச் சமவெளிக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் தம் 2003ஆம் ஆண்டு நூலில், நீர் நிருவாகம் அரசதிகாரத்தோடும் சாதிப் படிநிலையோடும் பின்னியிருந்ததை நிறுவினார். பழைய ஊர் என்பது சமன்மையுடைய சமுதாயம் அன்று. ஆஸ்ட்ரமின் முதல் நெறி, வளத்தைப் பயன்படுத்துவோர் யார் என்னும் எல்லை தெளிவாக இருத்தல். அந்த எல்லையைச் சாதி வரையுமாயின், வளத்தைக் காக்கும் விதியே விலக்கும் விதியும் ஆகிவிடும்.

2022 டிசம்பரில் இம்மாவட்டத்தின் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களுக்குக் குடிநீர் வழங்கிய மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. இம்மாவட்டத்து வகுப்பறையில் பொதுவளம் பற்றிப் பேசும் ஆசிரியர் இந்நிகழ்வை ஒதுக்கிவிட்டுக் கண்மாயின் பெருமையை மட்டும் கூறுவாரெனில், மாணவர்கள் தாம் அறிந்த ஊருக்கும் பாடத்துக்கும் தொடர்பில்லை என்றே கொள்வர். தன் குழுவுக்குள் ஒத்துழைப்பதும் பிற குழுவை விலக்குவதும் மனிதரிடம் ஒருசேரக் காணப்படுபவை. விலக்கு பரிணாமத்தின் கட்டளையன்று என்பதையும் உடன் கற்பிக்க வேண்டும்; குழுவின் எல்லை எது என்பதை மனிதரே வகுக்கின்றனர், அதனை விரிக்கவும் அவர்களால் இயலும்.

அவ்வாறு விரிந்ததற்கும் சான்று இம்மாவட்டத்திலேயே உண்டு. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு மிதிவண்டியும் கற்பிக்கப்பட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் அதனைக் கற்றனர் எனப் பி. சாய்நாத் எழுதினார். கற்றவர் பிறருக்குக் கற்பித்ததும், கேலியை மீறி ஓட்டியவரைக் கண்டு மற்றவர் துணிந்ததும் பண்பாட்டுப் பரவலுக்குத் தெளிவான எடுத்துக்காட்டுகள். புதிய நடத்தை ஒன்று மரபணு மாற்றம் ஏதுமின்றி ஒரு தலைமுறைக்குள் எவ்வாறு பரவும் என்பதை விளக்க இதனினும் எளிய சான்று அரிது. சாய்நாத்தின் அக்கட்டுரை தேசியக் குழுமத்தின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இடம்பெற்றது. புதுக்கோட்டைப் பெண்களை இந்தி கற்கும் பிள்ளைகள் மொழிப்பாடத்தில் படித்தனர் என்பது வியப்புக்குரியது. அதைவிட, நடத்தை மாற்றம் பற்றிய சான்றாக அதனை ஓர் அறிவியல் ஆசிரியர் எடுத்தாள வழியில்லாதிருப்பது கவனத்துக்குரியது.

தடை சான்றுகளின் பற்றாக்குறையன்று. பாடவேளையும் வினாத்தாளும் பாடவாரியாகப் பிரிந்திருக்கும்வரை, குமிழித்தூம்பைக் காண மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கு எந்தப் பாடத்தின் நேரமும் கிடைக்காது. மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியிடப்பட்டுள்ளது. அதனையொட்டிப் பாடநூல்கள் திருத்தப்படுமாயின், இரு துறைக் குழுக்களும் ஒன்றாக அமர்ந்து முதலில் முடிவுசெய்ய வேண்டியது, தலைப்பில் ‘வளர்ச்சி’ நீடிக்க வேண்டுமா என்பதே. அதற்குக் கூடுதல் பக்கமோ கூடுதல் பாடவேளையோ தேவையில்லை.