இரு கைகளைக் கடந்து வரும் நாவல்: தோகார்ச்சுக்கின் ஆங்கில வடிவங்களை முன்வைத்து

குறுந்தொகையைப் பிற நாட்டார் ஏ.கே. ராமானுஜன் வழியாகவே அறிந்தனர் என்பதை நாம் மறப்பதில்லை. அவருடைய 1967ஆம் ஆண்டு நூலின் தேர்வு, வரியமைப்பு, விடுபாடு ஆகியன குறித்துத் தமிழ்த்துறைகளில் விரிவாகவே வாதிட்டு வந்துள்ளோம். ஆயின் ஐரோப்பிய நாவல் ஒன்றைப் படித்து எழுதும்போது இவ்விழிப்பு நம்மிடம் இருப்பதில்லை. ஓல்கா தோகார்ச்சுக்கின் நடை என்று நாம் பாராட்டும் நடை பெரும்பாலும் ஜெனிபர் கிராஃப்ட், அன்டோனியா லாயிட்-ஜோன்ஸ் ஆகிய இருவரின் ஆங்கிலமே.

2018ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு தோகார்ச்சுக்கிற்கு 2019இல் அறிவிக்கப்பெற்றது. அதற்கு முன்பே, 2018இல், கிராஃப்ட்டின் மொழிபெயர்ப்பான ‘ஃபிளைட்ஸ்’ மேன் புக்கர் பன்னாட்டுப் பரிசு பெற்றது. மூலத்தின் தலைப்பு ‘பியேகுனி’ (2007). ஓரிடத்தில் நிலைப்பவரைத் தீமை பற்றிக்கொள்ளும் எனக் கருதி ஓயாது அலைந்த உருசியச் சமயப்பிரிவினரின் பெயர் அது. ஆங்கிலத் தலைப்பிலோ பறத்தலும் தப்பியோடுதலும் ஒருங்கே ஒலிக்கின்றன; சமயப்பிரிவினர் தலைப்பினின்றும் நீங்கிவிடுகின்றனர். இதனை இழப்பு என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. எனினும், விமான நிலையங்களின் நாவலாக இதனை நாம் வாசிப்பதற்கு அத்தலைப்பும் ஒரு காரணம் எனலாம். அட்டையில் தம் பெயரின்றி இனி மொழிபெயர்ப்பதில்லை எனக் கிராஃப்ட் 2021இல் அறிவித்தமை இங்கு நினைக்கத்தக்கது.

‘இறந்தோர் எலும்புகள்மீது உன் ஏரை ஓட்டு’ என்னும் நாவல் (2009, லாயிட்-ஜோன்ஸின் ஆங்கிலத்தில் 2018) இன்னும் சிக்கலானது. தலைப்பே வில்லியம் பிளேக்கிடமிருந்து பெறப்பட்டது. செக் எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் வாழும் முதியவளான யானினா துஷெய்க்கோ, தன் முன்னாள் மாணவனுடன் சேர்ந்து பிளேக்கைப் போலிஷில் மொழிபெயர்க்கிறாள். ஒரே பாடலுக்கு இருவரும் பல வடிவங்களை முயல்கின்றனர். போலந்து வாசகர் அவற்றைத் தம் மொழியில் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார். ஆங்கிலத்திலோ மூலப்பாடலே கையில் இருக்கிறது. அதன் போலிஷ் வடிவங்களை மீண்டும் ஆங்கிலமாக்கவேண்டிய நிலை மொழிபெயர்ப்பாளருக்கு நேர்கிறது. பிளேக்கை நோக்கிச் செல்லும் முயற்சி ஆங்கிலத்தில் பிளேக்கைவிட்டு விலகும் விளையாட்டாகத் தோன்றுகிறது. இத்திசைமாற்றத்தைக் கருதாமல் அப்பகுதியின் நகைச்சுவையை ஆசிரியரின் கணக்கில் மட்டும் எழுதுவது திறனாய்வாகாது.

பிளேக்கைப்போலவே துஷெய்க்கோவும் விலங்கு, சினம், நோவு முதலிய சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்குகிறாள். போலிஷும் ஆங்கிலமும் உரோமானிய எழுத்தைக் கொண்டவை ஆதலின் அவ்வழக்கம் இடையூறின்றிக் கடந்துவிடுகிறது. தமிழில் பெரிய எழுத்து இல்லை. தடித்த எழுத்தில் அச்சிடலாம். ஆனால் அது குரலை உயர்த்துமேயன்றிப் பொருளின் தகுதியை உயர்த்தாது. தகுதியை உயர்த்தத் தமிழ் வைத்திருக்கும் கருவி திணை. விலங்குகள் வேட்டைக்காரரைப் பழிவாங்குகின்றன என வாதிடும் ஒருத்தியின் கூற்றில் அஃறிணை முடிபு அவளுக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும். ‘நரியார்’ என்றால் சிறுவர்கதையின் சாயல் படிந்துவிடும். அவளுடைய சினத்திற்கு அது பொருந்தாது.

உவப்பு முதலிய காரணங்களால் திணை வழுவுதலை நன்னூல் இயல்பென ஏற்கிறது. பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பது நாம் வகுப்பறையில் காட்டும் எடுத்துக்காட்டு. துஷெய்க்கோ காணாமற்போன தன் இரு நாய்களைச் ‘சிறுமிகள்’ என்றே குறிப்பிடுகிறாள். ஆங்கிலத்தின் பன்மைச் சுட்டுப்பெயர் திணை காட்டாது. ஆகவே அங்கு மொழிபெயர்ப்பாளர் எதையும் முடிவு செய்யவேண்டியதில்லை. தமிழிலோ ஒவ்வொரு வினைமுற்றிலும் முடிவு செய்தாகவேண்டும். அவள் கூற்று முழுவதும் ‘ஓடினார்கள்’ என்றே அமையவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஓரிடத்தில் ‘ஓடின’ என்று எழுதிவிட்டாலும், அச்சிறுமிகள் அவற்றைச் சுட்டுக்கொன்ற வேட்டைக்காரர்களின் வழக்கிற்குள் சென்றுவிடுவர்.