சீன எழுத்தும் ஒலியும்
மாந்தை அகழ்வில் கிடைத்த சீனக் கலத்துண்டுகள், மன்னார்க் கரைக்கிருந்த பழந்தொடர்புக்குச் சான்று. எனினும், சீனர் எழுத்தை ஓவியமாகவே கண்டு ஒலியின்றிப் பொருள் கொள்வர் என்னும் மயக்கம் நம்மிடையே நீங்கவில்லை. கவிஞர் எஸ்ரா பவுண்ட் போன்றோர் பரப்பிய மயக்கம் அது. கடலைக் குறிக்கும் 'யாங்' எழுத்தில் நீர்க்குறி பொருளைச் சுட்ட, ஆட்டுக்குறி ஒலியை மட்டுமே தருகிறது. ஆட்டைக் கண்டு கடலை நினைப்பார் எவர்? எழுத்துகளுள் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இவ்வமைப்பினவே. மௌன வாசிப்பிலும் உள்ளத்தில் ஒலி எழுவதை உளமொழியியற் சோதனைகள் பல காட்டியுள்ளன. அண்ணாவியார் சொல்லக் கேட்டே, ஏடறியாதாரும் கூத்துப் பாட்டை மனங்கொண்ட மன்னாருக்கு இது புதிதன்று. வேறுபாடு மனத்திலன்று, கற்கும் உழைப்பிலேயே உள்ளதென நாம் கருதுகிறோம். ஆயிரக்கணக்கான எழுத்துகளைப் பயில ஓய்வு வாய்த்த வர்க்கமே நெடுங்காலம் எழுத்தைக் கைக்கொண்டிருந்தது. 1956இல் சீன அரசு எழுத்தை எளிமையாக்க முற்பட்டதும் அதனாலேதான்.