கைமாறும் துப்பாக்கி

ஆந்தாலஜி தொடர்களில் வாரந்தோறும் கதையும் மாறும், நடிகர்களும் மாறுவார்கள். போன வாரம் மனத்தில் நின்ற முகம் இந்த வாரம் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்ப அமெரிக்கத் தொலைக்காட்சி பெரும்பாலும் கதை சொல்லும் ஒருவரை முன்னால் நிறுத்தியது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கும் ராட் செர்லிங்கும் அப்படி வீட்டுக்கு வீடு தெரிந்த முகங்களானார்கள். மனிதருக்குப் பதிலாக ஒரு பொருளை நிலையான பாத்திரமாக்கிய தொடர்கள் மிகச் சில.

இந்த உத்தி தொலைக்காட்சியைவிட மிகப் பழையது. ஜோசப் அடிசன் 1710இல் 'டாட்லர்' இதழில் ஒரு ஷில்லிங் நாணயத்தைத் தன் கதையைச் சொல்லவைத்தார். 1760இல் சார்லஸ் ஜான்ஸ்டன் 'கிரிசல்' நாவலில் ஒரு தங்கக் கினியின் பயணத்தை எழுதினார். நாணயத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பிரபுவின் மாளிகையிலும் திருடனின் மடியிலும் ஒரே நாளில் புழங்கக்கூடியது அதுதான். சமூகத்தின் எல்லாத் தட்டுகளையும் அங்கதத்துக்கு இழுக்க அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சினிமா இதை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டது. பேலா பாலாஸ் கதை எழுத, பெர்டோல்ட் ஃபீர்டெல் இயக்கிய 1926ஆம் ஆண்டு ஜெர்மன் படத்தில் பத்து மார்க் நோட்டு ஒன்று பெர்லினைச் சுற்றுகிறது. ஜூலியன் டுவிவியே 1942இல் எடுத்த 'டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்' படத்தில் ஒரு கோட்டு கைமாறுகிறது. இவற்றைவிட ஆழமானது ஹெல்முட் கோய்ட்னரின் 'இன் யேனன் டாகன்' (1947). போர் முடிந்தபின் இடிபாடுகளுக்கு நடுவே இருவர் ஒரு பழைய காரைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மனிதத்தன்மை எங்காவது மிஞ்சியிருந்ததா என்று பேச்சு எழ, அந்தக் கார் 1933 முதல் 1945 வரை தன்னை வைத்திருந்த ஏழு பேரின் கதைகளைச் சொல்கிறது. அரசாங்கத்தைப் பற்றிய பேருரை ஏதும் தேவைப்படவில்லை. கார் ஏன் ஒவ்வொரு முறையும் வேறு கைக்குப் போனது என்பதே அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் வரலாறாகிவிடுகிறது.

அந்தோணி மானின் 'வின்செஸ்டர் '73' (1950) இந்த நுட்பத்தின் உச்சம். டாட்ஜ் நகரில் 1876 ஜூலை 4 அன்று நடக்கும் சுடும் போட்டியில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஒரு அரிய துப்பாக்கியை வெல்கிறார். உடனே அது களவுபோகிறது. பின்பு சூதாட்டத்தில் தோற்கப்படுகிறது, கொலை செய்து பறிக்கப்படுகிறது, போர்க்களத்தில் கண்டெடுக்கப்படுகிறது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் கணமே இங்கே நாடகம். துப்பாக்கியை நீக்கிவிட்டால் கதையே இல்லை.

தொலைக்காட்சிக்கு இது எளிதில் வசப்படவில்லை. சிபிஎஸ் நிறுவனத்தின் 'தி மில்லியனர்' (1955-60) தொடரில் முகமே காட்டாத ஒரு கோடீஸ்வரர் வாரம் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர் காசோலை அனுப்புவார். மையம் வலுவானது. ஆனால் ஒவ்வொரு வாரமும் புதுக் காசோலை என்பதால் ஒருவர் வாழ்க்கை மற்றவர் வாழ்க்கையைத் தொடவே இல்லை.

ஏபிசி 1997 வசந்தத்தில் ஒளிபரப்பிய 'கன்' அந்தத் தொடுகையை நேரடியாக முயன்றது. முத்துச்சிப்பிப் பிடி போட்ட ஒரு கைத்துப்பாக்கி அத்தியாயத்துக்கு அத்தியாயம் புதியவர்களிடம் சேரும். ராபர்ட் ஆல்ட்மன் நிர்வாகத் தயாரிப்பாளர். ஓர் அத்தியாயத்தை அவரே இயக்கினார். 'சோப்ரானோஸ்' தொடருக்கு முந்தைய ஜேம்ஸ் காண்டல்ஃபீனியையும் இதில் காணலாம். ஒரு படத்துக்குள் பல குடும்பங்களைப் பின்னிக் காட்டுவதில் கைதேர்ந்தவர் ஆல்ட்மன். இந்த வடிவம் அவருக்கென்றே அமைந்ததாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கதையும் தனித்து நின்று முடிந்தாக வேண்டிய வாராந்தர ஏற்பாட்டில் கைமாறும் கணத்துக்குக் கனம் கிடைப்பதில்லை. ஒரே அமர்வில் பார்க்கும் படத்தில் முந்தையவரின் நிழல் அடுத்தவர்மேல் விழும். ஏழு நாள் கழித்து வரும் அத்தியாயத்தில் அது மங்கிவிடுகிறது. ஆறு அத்தியாயங்களோடு 'கன்' நின்றது.

அதே ஆண்டு ஷோடைம் தொடங்கிய 'டெட் மேன்ஸ் கன்' வேறு வழி கண்டது. கதைக்களம் பழைய மேற்கு அமெரிக்கா. கதைசொல்லியின் குரல் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சனுடையது. இதில் துப்பாக்கியே சபிக்கப்பட்டது. எடுத்தவரின் வாழ்க்கையைப் புரட்டிப்போடும். அது யாரிடமிருந்து வந்தது என்பதைப் பார்வையாளர் நினைவில் வைக்கவேண்டிய அவசியமே இல்லை, ஏனெனில் சாபம் ஒவ்வொரு வாரமும் புதிதாக வேலை செய்யும். தொடர் 1999 வரை ஓடியது. அதற்கு அது கொடுத்த விலையும் உண்டு: மனிதரின் பேராசையும் அச்சமும் செய்யவேண்டிய வேலையை அங்கே மாயம் செய்துவிடுகிறது.