தரை மாறினால் கோடு மாறும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே ஈப்போவின் பேரங்காடிகளில் அரிசிக் கோலம் வந்துவிடுகிறது. நடுவில் மயில், சுற்றிலும் தாமரை, எல்லாம் சாயமேற்றிய அரிசி. முதலில் சுண்ணக்கட்டியால் வெளிக்கோடு போடுகிறார்கள். பிறகு அந்தக் கோட்டின்மேலேயே அரிசியைக் கொட்டி நிரப்புகிறார்கள். வேலை முடிந்தபின் நிறம் இருக்கும், கோடு இருக்காது. குனோங் ராபாட் வீடுகளிலோ பல வாசல்களில் ஒட்டுக் கோலம்தான். இதைச் சோம்பல் என்று வைவது எளிது. தோட்டத்து லயத்தில் சாணி தெளித்த மண்வாசல் இருந்தது. விரலிடுக்கில் இறங்கும் மாவை அந்த ஈரம் பிடித்துக்கொண்டது. தோட்டத்தை விட்டு ஊருக்கு வந்த குடும்பங்களுக்கு வழவழப்பான டைல்ஸ் தரை கிடைத்தது. அதில் மாவு நிற்பதில்லை.

தரை மாறும்போது கோட்டுக்கு என்ன நேர்கிறது? இந்தக் கேள்வியோடு இரண்டு ஓவியர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் நைஜீரியாவின் உச்சே ஒகேகே (1933–2016). இன்னொருவர் கோயம்புத்தூரில் பிறந்து சென்னையில் வேரூன்றிய கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977). இருவருமே ஆங்கிலேயர் ஆட்சியின் வழிவந்த கலைக்கல்வியில் பயின்றவர்கள். இருவருமே பின்னர் சொந்த மண்ணின் கோட்டைத் தேடிப் போனவர்கள். இத்தகையவர்களைப் பற்றி எழுதும்போது ‘வேருக்குத் திரும்பினார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. திரும்பினார், சரி. திரும்பிப் போய்க் கையில் எதை எடுத்தார், எதன்மேல் வரைந்தார்? அதைக் கேட்காத கட்டுரை பாதியில் நின்ற கட்டுரை.

இக்போ இனப் பெண்களின் கோட்டுக்கலைக்குப் பெயர் உலி. (நம் சிற்பியின் உளி அல்ல, எழுத்திலேயே வேறு.) ஒரு செடியின் காயிலிருந்து பிழிந்த சாற்றை மெல்லிய குச்சியால் தோலின்மேல் இழுப்பார்கள். முதலில் மங்கலாகத் தெரியும் கோடு சில மணி நேரத்தில் கருத்துவிடும். ஒரு வாரம் இருந்து மறையும். மண்சுவரில் வரையும்போது மண்நிறங்களைப் பயன்படுத்துவார்கள். மழை வந்தால் கரைந்துபோகும். மறுபடி வரைவார்கள். இதில் நிரப்புதல் குறைவு. வெற்றிடம்தான் பெரும்பங்கு. ஒரு சுருள், ஒரு புள்ளிக் கொத்து, அப்புறம் நீண்டதொரு வெறுமை. அந்த வெறுமையும் வரைந்ததுதான். நம் வாசலில் அமர்ந்து வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒகேகேயின் தாயார் உலி வரையத் தெரிந்தவர். ஆனாலும் மகன் முதலில் கற்றது அதையல்ல. வட நைஜீரியாவின் சாரியா நகரத்துக் கல்லூரியில் ஐரோப்பிய முறைப் பயிற்சிதான். 1958இல் அங்கே மாணவர்கள் சாரியா கலைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒகேகேயுடன் டீமாஸ் நுவோகோ, புரூஸ் ஓனோபிராக்பெயா, யூசுஃப் கிரில்லோ முதலியோர் அதில் இருந்தார்கள். நைஜீரியா விடுதலை பெற்ற 1960இல் ‘இயல்பான இணைவு’ என்ற கருத்தை ஒகேகே முன்வைத்தார். மேற்கை அப்படியே நகல் செய்வதும் வேண்டாம், பழையதை அப்படியே நகல் செய்வதும் வேண்டாம் என்பதே அதன் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே காலத்து அவருடைய எண்ணெய் ஓவியங்களைப் பார்த்தால், 1961இல் வரைந்த ‘ஆனா மூவோ’வையே எடுத்துக்கொள்வோம், கருத்து முந்திக்கொண்டு ஓட, கை இன்னும் பின்னால் வருகிறது. ஆவிகளின் உலகம் அது, கதை இக்போ. அடர்ந்த நிறங்களும் பலகையை நிரப்பும் பூச்சும் கல்லூரியில் பழகியவை.

மாற்றம் வந்தது 1962இல், ‘ஓஜா’ தொகுப்பில். எண்ணெயை ஓரமாக வைத்துவிட்டு மையும் காகிதமும் எடுத்தார். சில வரிகளே, தடித்து, மெலிந்து, சுருண்டு நிற்கும் வரிகள். காகிதத்தின் பெரும்பகுதி வெள்ளையாகவே கிடக்கிறது. தாயார் தோலிலும் சுவரிலும் செய்ததை மகன் காகிதத்தில் செய்தார், ஆனால் ஒரு வித்தியாசத்தோடு: தோலில் அழிவது காகிதத்தில் அழிவதில்லை. பிழையும் நிலைத்துவிடும். அதனால் கை தயங்காமல் ஒரே இழுப்பில் போகப் பழக வேண்டியிருந்தது. இந்தப் படங்களில் நான் காணும் விரைவு அங்கிருந்து வருவதாக நினைக்கிறேன். அதன் பிறகு ஜெர்மனியின் மியூனிக்கில் வண்ணக்கண்ணாடி வேலையும் பதிகல் வேலையும் கற்றுக்கொண்டார். 1970இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் இன்சுக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, ஒபியோரா உடேசுக்வு போன்ற அடுத்த தலைமுறைக்கு உலியைப் பாடமாகவே ஆக்கினார்.

இனி பணிக்கர். அவர் தாமதமாக வந்தவர். வேலை பார்த்துவிட்டு, 25 வயதில், 1936இல்தான் சென்னைக் கலைப்பள்ளியில் சேர்ந்தார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அப்போது அதன் முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பணிக்கரின் இளமைக்கால ஓவியங்கள் நீர்வண்ண இயற்கைக் காட்சிகள்: கேரளத்துத் தென்னை, காயல், ஈரமான ஒளி. நல்ல படங்கள், யார் வீட்டுச் சுவரிலும் மாட்டலாம். அதில் ஒரு ஆபத்தும் உண்டு, அவருக்கே அது புரிந்திருக்க வேண்டும். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார். 1951இல் காந்தியை நடுவில் வைத்து ‘சமாதானம் செய்வோர் பாக்கியவான்கள்’ வரைந்தார். 1954இல் ஐரோப்பாவுக்குப் போய்வந்தார். 1957இல், மலாயா விடுதலை பெற்ற அதே ஆண்டில், பள்ளியின் முதல்வரானார்.

பலரும் அத்தோடு நிறைவடைந்திருப்பார்கள். பணிக்கர் ஐம்பது வயதைக் கடந்தபின் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டார். 1963 வாக்கில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் மனிதனும் இல்லை, தென்னையும் இல்லை. ஜாதகக் கட்டம், கணக்குப் புத்தகத்தின் வரிசை, பிராணியா தெய்வமா என்று தெரியாத சிறு உருவம், நெருக்கி எழுதிய எழுத்து. ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம்தான் இதைத் தூண்டியது என்று சொல்வதுண்டு. எழுத்து மலையாளம் போலத் தோன்றும், கிட்டப் போய்ப் படிக்க முயன்றால் பிடிபடாது. அது படிப்பதற்காக எழுதியதல்ல. மஞ்சளோ பச்சையோ பூசிய தட்டையான பரப்பின்மேல் தூரிகையைப் பேனா போலப் பிடித்து எழுதுகிறார். ஒளியும் நிழலும் போய்விட்டன. ஏட்டின் தளம் துணிக்கு வந்துவிட்டது. ஒகேகேயின் ‘ஓஜா’ 1962; பணிக்கரின் திருப்பம் 1963. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் செய்ததாக நான் சொல்லவில்லை. விடுதலை பெற்ற நாடுகளின் ஓவியர்கள் அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

படம் விற்றுச் சாப்பிட முடியாது என்பதையும் பணிக்கர் வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டார். 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமம் நின்றதே பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில்தான். பகலில் மெழுகும் சாயமும், மற்ற நேரத்தில் ஓவியம். பாத்திக் என்றாலே கிளந்தானை நினைக்கும் நமக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

பணிக்கர் முதல்வர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றது 1967. அதே ஆண்டு அந்தக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தவர் சையத் தாஜுதீன். 1943இல் ராமநாதபுரம் பக்கத்து அழகன்குளத்தில் பிறந்து, பதினோரு வயதில் பினாங்குக்கு வந்தவர். 1974 வரை சென்னையில் படித்தார். நியாயமாக அவரும் ஜாதகக் கட்டத்துக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவர் எடுத்துக்கொண்டது அஜந்தாச் சுவர்களின் நீண்ட விழியையும் வளைந்த உடலையும். மாணவப் பருவத்திலேயே, 1972இல், அனுமன் சீதையைக் காணும் காட்சியைப் பெரிய அளவில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். மலேசியாவில் அதே விழியோடு குனோங் லேடாங் இளவரசியும் 1511இல் வீழ்ந்த மலாக்காவும் வந்தன. முஸ்லிம் ஓவியர் ராமாயணம் வரைந்ததை வியந்து பேசுவோர் உண்டு. என்னை ஈர்ப்பது வேறொன்று: சீதைக்குப் போட்ட கோட்டையே அவர் மலாய் இளவரசிக்கும் போடுகிறார், அது உறுத்தவில்லை. பணிக்கரிடம் உருவத்தை விழுங்கிய கோடு, இவரிடம் உருவத்தை அணைத்து நிற்கிறது. என் ரசனை பணிக்கர் பக்கம்தான் சாயும். தாஜுதீனின் சில படங்களில் அழகு அளவுக்கு மிஞ்சிவிடுகிறது. ஆனாலும் சென்னைப் பள்ளி என்பது ஒரே பாணி அல்ல என்பதற்கு நம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள சாட்சி அவர்தான்.

குனோங் ராபாட்டிலிருந்து காரில் சிறிது நேரம் போனால் தம்பூன். அங்கே சுண்ணாம்புப் பாறையின் உயரத்தில் காவிச் சிவப்பில் மனிதரும் விலங்குகளும் இருக்கின்றன. 1959இல் கூர்க்கா படைப்பிரிவைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் கண்டு சொன்ன பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. மேலே கூரைபோல் நீண்ட பாறை மழையைத் தடுத்ததால் அவை பிழைத்தன. உலிக்கு அந்தக் கூரை கிடைக்கவில்லை. கோலத்துக்கு அது தேவைப்படவும் இல்லை, மறுநாள் காலை ஒரு கை வரும் என்ற நம்பிக்கை இருந்தவரை.

எங்கள் தெருமுனை வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். டைல்ஸ் போட்ட முன்வாசலை விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே கால்வாயோரச் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்து, ஏழு புள்ளி வைக்கிறார். மாவு அல்ல, சுண்ணக்கட்டி. “இங்கதான்யா புடிக்குது,” என்றார்.